தந்தக் கண்ணனுக்கு என்ன பெறுமதி?



சென்ற வருட மகோற்சவத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வழங்கிக்கொண்டிருந்த வேளையில், எமது ஆலயத்துக்குத் தவறாமல் வருகின்ற ஓர் அம்மா என்னை மடப்பள்ளிப் பக்கம் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு பழைய பிஸ்கற் ரின். அதைத் திறந்தால் உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் பட்டுத்துண்டு, பட்டுத்துண்டுக்குள் முக்கால் சாண் உயரத்தில் ஒரு வேணுகோபாலர். பாலில் ஒரு துளி தேன் கலந்தது போன்ற நிறம். புல்லாங்குழலைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"தம்பி, இது யானைத் தந்தம். என்ர அவர் திருவனந்தபுரத்தில வாங்கினவர். தேரண்டைக்கு ஏலத்தில விட்டு, வாற காசைத் தேர்த் திருப்பணிக்கு எடுங்கோ. அவற்ற பேரில பற்றுச்சீட்டு எழுதினால் காணும்" என்றார்.

நான் பரிபாலன சபையின் பொருளாளர். தொழிலாலும் கணக்காளன். ஒரு பொருள் ஆலயத்துக்கு வந்தால் அது என்ன பொருள், யாருடையது, என்ன பெறுமதி என்ற மூன்றும் எழுதப்படவேண்டும். "ஒரு கிழமை பொறுங்கோ அம்மா, பார்த்துச் சொல்லுறன்" என்றேன். அந்த ஒரு கிழமை ஆறு கிழமைகளாயிற்று. நூலகத்துக்கும் அரும்பொருட்காட்சியகத்துக்கும் அலைந்து அறிந்துகொண்டவற்றை இங்கு எழுதுகிறேன். எமது குடும்பங்கள் பலவற்றில் இப்படியொரு பொருள் சுவாமி அறையிலோ கண்ணாடி அலுமாரியிலோ இருக்கிறது என்பதை நான் அறிவேன்.

இது உண்மையில் தந்தமா?

முதலில் எழுந்த கேள்வி இதுவே. எமது அடியார் ஒருவர் ஒருமுறை பெருந்தொகை கொடுத்துத் "தந்த நடராசர்" ஒன்றை வாங்கிவந்து எல்லோருக்கும் காட்டினார். பின்னர் அது அச்சில் வார்த்த பிளாஸ்டிக் என்று தெரியவந்தது. அவர் இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் வேறு கதைக்குப் போய்விடுவார்.

யானைத் தந்தம் என்பது கொம்பு அல்ல, பல். மேல்தாடையின் முன்பல் வெளியே நீண்டு வளர்ந்ததே அது. குறுக்கே வெட்டிய முகத்தில் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் வளைகோடுகள் தென்படும். பன்னாடை பின்னியது போல என்று சொன்னால் எம்மவர்க்கு விளங்கும். சிறிய உருவங்களின் அடிப்பாகத்தில்தான் பெரும்பாலும் இந்த வெட்டுமுகம் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மாட்டெலும்பு, ஒட்டக எலும்பு என்றால் இந்தக் கோடுகள் இரா; பதிலாக, குருதி ஓடிய நுண்குழாய்களின் தடயமாகக் கறுத்த சிறு புள்ளிகளும் கீறல்களும் இருக்கும். பிளாஸ்டிக்கில் ஒன்றும் இராது, அல்லது பாவனைக்காகப் போட்ட நேர்கோடுகள் ஒரே சீராக ஓடும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உண்மைத் தந்தமானால் அதிலே ஓர் அழியாத வடு விழும். பிளாஸ்டிக் ஆனால் வீடு முழுவதும் நாறும்.

அம்மாவின் கண்ணனைக் கவிழ்த்துப் பார்த்தேன். பீடத்தின் அடியில் அந்தப் பன்னாடைக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

வங்காளத்துத் தந்தச் சிற்பிகள் ஒரு தந்தத்தை மூன்றாகப் பிரித்து மூன்று பெயர்களால் அழைத்தார்கள். தாடைப்பக்கம் உள்ளே பொள்ளலாக இருப்பது கல்ஹார்தந்து. நடுப்பகுதி கொந்திதந்து. நுனிப்பக்கம் முழுக்கக் கெட்டியாக இருப்பது நக்ஷிதந்து. தெய்வ உருவங்களுக்கு உகந்தது இந்தக் கெட்டிப் பகுதியே. பொள்ளற் பகுதி காப்புக்கும் பேழைக்கும் போகும். தந்தம் இயல்பிலேயே வளைந்தது ஆதலால், நெடிதாக நிற்கும் உருவம் ஒரு பக்கம் சரியும். சிற்பி அதை மறைக்கப் பாடுபடவேண்டும். கண்ணனுக்கு அந்தக் கவலை இல்லை. கழுத்து, இடை, முழங்கால் என்று மூன்றிடத்தில் வளைந்து நிற்பதுதானே அவனுடைய நிலை! தந்தச் சிற்பிகள் வேணுகோபாலரை விரும்பிச் செய்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது எனது எண்ணம்.

செதுக்கி முடிந்ததும் அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். வாளால் அறுத்து, அரத்தால் உருக்கொடுத்து, விதவிதமான சிற்றுளிகளால் நுணுக்கம் செய்தபின், வங்காளத்தில் நீரில் ஊறவைத்த மீன் செதிலால் தேய்ப்பார்களாம். கடைசியில் சுண்ணக்கட்டியால் மெருகிடுவார்கள். சைவப் பூசை அறைக்குப் போகும் கண்ணன் மீன் செதிலால் மெருகேறியவன் என்று நான் அம்மாவிடம் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் வேறு முறை இருந்திருக்கலாம்.

எமது பழந்தமிழில் தந்தம்

பழந்தமிழில் இதற்குக் கோடு, மருப்பு, எயிறு என்று பல பெயர்கள். மலைவேடர் யானைக் கோட்டைக் கொடுத்துக் கள்ளையும் நெல்லையும் மாற்றிக்கொண்ட செய்தி சங்கப் பாடல்களில் வருகிறது. இதைவிட முக்கியமானது நெடுநல்வாடை. பாண்டிமாதேவியின் கட்டிலைப் பற்றிச் சொல்லும்போது, நாற்பது வயது நிரம்பிய, போரிலே வீழ்ந்த யானையின் தந்தத்தைச் சீவி, கூரிய உளியால் இலை வடிவங்கள் செதுக்கி அமைத்தது என்று நக்கீரர் விவரிக்கிறார். தந்தம் எங்கிருந்து வந்தது என்பதைப் புலவர் மறைக்கவில்லை. கணவன் போர்க்களத்தில் இருக்கிறான், அரசி உறக்கமின்றி இருக்கிறாள், அவள் கட்டிலோ போரில் இறந்த யானையின் பல். பள்ளிக்கூடத்தில் இந்தப் பகுதியை மனனம் செய்தபோது எனக்கு இது உறைக்கவில்லை.

என் தொழிலுக்கு நெருக்கமான ஒரு சான்றும் உண்டு. வியன்னாவில் பாதுகாக்கப்படும் பப்பிரசுச் சுவடி ஒன்று, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் முசிறித் துறைமுகத்திலிருந்து எகிப்துக்குச் சென்ற 'ஹெர்மபொல்லொன்' என்ற கப்பலின் சரக்குகளைக் கணக்கிடுகிறது. அதில் சடாமாஞ்சில் என்ற வாசனைப் பொருளோடு யானைத் தந்தமும் இருக்கிறது. நிறை, விலை, நாலில் ஒரு பங்கு சுங்கவரி, எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டுள்ளன. ஆயிரத்தெண்ணூறு வருடங்களுக்கு மேற்பட்ட அந்தக் கணக்கை யாரோ ஒரு கணக்குப்பிள்ளை இரவிருந்து கூட்டியிருப்பான். அவனுக்குத் தந்தம் ஒரு நிறையும் விலையும் மாத்திரமே.

வடக்கே, மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சியில் உள்ள பெரிய தூபியின் தெற்குத் தோரணவாயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இங்குள்ள செதுக்கு வேலையைச் செய்தவர்கள் விதிசா நகரத்துத் தந்தச் சிற்பிகள் என்று அது கூறுகிறது. அதாவது, சின்னத் தந்தத்தில் பழகிய கைகள் பெரிய கல்லிலும் வேலை செய்திருக்கின்றன. அந்தத் தோரணத்தின் படங்களைப் பார்ப்பவர்கள், கல்லில் இவ்வளவு நெருக்கமான நுணுக்கம் ஏன் என்று வியப்பதற்கு இது ஒரு விடை.

இத்தாலியின் பொம்பெயி நகரம் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. 1938இல் அங்கு ஒரு வீட்டைத் தோண்டியபோது, ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் உயரமான இந்தியத் தந்தப் பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. முதலில் அதை இலக்குமி என்றார்கள். இன்று அறிஞர் பலர் யட்சி என்றே கருதுகின்றனர். தலைக்கு மேலே ஒரு துளை இருப்பதால் கண்ணாடியின் கைப்பிடியாகவோ தளபாடத்தின் காலாகவோ இருந்திருக்கலாம். இப்போது நேப்பிள்ஸ் அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றும் "பொம்பெயி இலக்குமி" என்றே பலரும் சொல்கிறார்கள். ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கடினம்.

திருவனந்தபுரமும் முர்சிதாபாத்தும்

அம்மாவின் கண்ணன் பிறந்த ஊருக்கு வருவோம். திருவிதாங்கூர் மன்னர்கள் தந்த வேலையை அரண்மனையில் வைத்து வளர்த்தார்கள். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராசா, வைரமும் மரகதமும் மாணிக்கமும் பதித்த தந்தச் சிங்காசனம் ஒன்றைச் செய்வித்து விக்ரோறியா மகாராணிக்கு அனுப்பினார். 1851இல் இலண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அது வைக்கப்பட்டது. காட்சியின் நிறைவு வைபவத்தில் இளவரசர் அல்பேட் அதிலே அமர்ந்தார். அந்தச் சிங்காசனம் இன்றும் பிரித்தானிய அரச சேகரிப்பில் உள்ளது. பின்னர் 1888இல், ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், திருவனந்தபுரத்தில் கலைப்பாடசாலை உருவாகி, தந்தச் செதுக்கு வேலை அங்கு ஒரு பாடமாகவே கற்பிக்கப்பட்டது. அரண்மனைக் கலை கடைத்தெருவுக்கு வந்தது இதன் பின்னர்தான். கன்னியாகுமரி, சுசீந்திரம், பத்மநாபசுவாமி கோயில் என்று யாத்திரை போன எமது முன்னோர் ஒரு சின்னப் பிள்ளையாரையோ கண்ணனையோ வாங்கிவர முடிந்ததும் அதனால்தான்.

வங்காளத்து முர்சிதாபாத் பற்றி ஒரு கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. அங்கு தந்த வேலை எப்படி வந்தது என்று 19ஆம் நூற்றாண்டிலே எழுதிவைத்த செவிவழிக் கதை இது. நவாப் காது குடைய ஒரு தந்தக் குறும்பி வாங்கி கேட்டாராம். அதைச் செய்ய டெல்லியிலிருந்து ஒரு தொழிலாளி வந்தான். உள்ளூர்ச் சிற்பி ஒருவர் சுவரில் இருந்த துளை வழியாக அவன் வேலையைப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். அவருடைய மகன் துளசி தகப்பனை மிஞ்சினான். ஆனால் துளசிக்கோ தலயாத்திரை போக ஆசை, நவாப்போ விடவில்லை. ஒருநாள் துளசி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார். பிருந்தாவனம், ஜெய்ப்பூர் என்று பதினேழு வருடங்கள் சுற்றித் திரும்பி வந்தபோது பழைய நவாப் இறந்துவிட்டார். புதிய நவாப் அவரை அழைத்து, காலஞ்சென்றவரின் உருவத்தை நினைவிலிருந்தே தந்தத்தில் செய்யச் சொன்னார். செய்த உருவம் உயிரோடு இருப்பது போல் இருந்ததாம். மகிழ்ந்த நவாப், ஓடிப்போயிருந்த பதினேழு வருடங்களுக்கும் உரிய சம்பளத்தை நிலுவையாகக் கொடுக்கச் சொல்லி, ஒரு வீடும் அளித்தார்! வேலைக்கு வராத காலத்துக்கு நிலுவைச் சம்பளம் கொடுத்த முதலாளியை நான் இந்தக் கதையில்தான் கண்டேன்.

துளசியின் வழிவந்தவர்கள் துர்க்கை, காளி, சகந்நாதர் முதலிய உருவங்களையும், யானை அம்பாரி, மயில்முகப் படகு முதலியவற்றையும் செய்தார்கள். இதே காலத்துக்கு முன்பே மேற்குக் கரையில் கோவாச் சிற்பிகள் போர்த்துக்கேயருக்காகக் குழந்தை யேசுவையும் மரியன்னையையும் தந்தத்தில் செய்தார்கள். நல்மேய்ப்பனாகிய குழந்தை யேசு கண்மூடிக் கன்னத்தில் கைவைத்து மலைமேல் அமர்ந்திருக்கும் அந்த உருவங்களைப் பார்த்தால், அந்தத் தியானம் எங்கிருந்து வந்தது என்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. எமது இலங்கையிலும் கோட்டை அரசன் புவனேகபாகு 1540களில் லிஸ்பனுக்குத் தூது அனுப்பியபோது, தன் பேரன் தர்மபாலனின் முடிசூட்டு விழாவைச் செதுக்கிய தந்தப் பேழையைக் கூடவே அனுப்பினான். அது இப்போது ஜேர்மனியில், மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது. ஜேர்மனியில் உறவினர் உள்ளவர்கள் போகும்போது பார்க்கலாம்.

பூசைக்கு உரியதா?

அம்மாவுக்கு இது முக்கியமான கேள்வி. கோபிநாதராவ் என்ற அறிஞர் திருவிதாங்கூரில் தொல்பொருட் துறையில் பணியாற்றியவர். இந்துத் திருவுருவங்கள் பற்றி அவர் எழுதிய பெருநூலின் முதற்பாகம் 1914இல் வெளிவந்தது. திருவுருவம் செய்ய ஆகமங்கள் விதிக்கும் பொருள்கள் மரம், கல், மணி, உலோகம், மண், இவற்றின் கலப்பு என்கிறார். செங்கல், சுண்ணக்கலவையாகிய கடுசர்க்கரை, தந்தம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும் நூலும் உண்டு என்றும் குறிப்பிடுகிறார். திருவனந்தபுரத்துத் தந்த உருவங்களின் படங்களையும் தமது நூலில் சேர்த்திருக்கிறார். ஆகவே தந்தம் விலக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் எமது கோயில்களின் மூலவர் கல், உற்சவர் பஞ்சலோகம் என்பதை நாம் அறிவோம். தந்தம் பெரும்பாலும் சிங்காசனத்துக்கும் பல்லக்குக்கும் பேழைக்கும் வீட்டுச் சிற்றுருவத்துக்குமே பயன்பட்டது.

எமது குருக்கள் ஐயாவைக் கேட்டேன். "வீட்டில வைச்சு ஒரு பூவைச் சாத்திக் கும்பிடட்டும். அபிஷேகம் மட்டும் வேண்டாம்" என்றார். பொருளின் தன்மையும் அதையே சொல்கிறது. தந்தம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். பால், எண்ணெய், சந்தனம், மஞ்சள் எல்லாம் கறையாகப் படியும். இந்த நாட்டில் அதைவிடப் பெரிய பகை றேடியேற்றர். அதற்கு மேலே உள்ள தட்டிலே தந்த உருவத்தை வைத்தவர்கள் இன்றே எடுத்துவிடுங்கள். தூசி தட்ட மென்மையான உலர்ந்த தூரிகை போதும்.

யானையின் கணக்கு

இவ்வளவும் படித்து மகிழ்ந்திருந்த எனக்கு, இடைஞ்சல் தந்தவர் அம்மாவின் பேத்தி. பதின்மூன்று வயது. அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, "அங்கிள், பிள்ளையார் பக்கத்தில ஏன் யானையின்ர பல்லை வைச்சிருக்கினம்? அதுக்காக யானையைக் கொல்லேல்லையோ?" என்று கேட்டாள். அம்மா, "கோயில் யானை செத்தாப் பிறகு எடுக்கிறது பிள்ளை" என்றார்.

அது சில வேளை உண்மை. கேரளத்தில் வளர்ப்பு யானைகளின் தந்தத்தை நுனியில் தறிப்பதும் உண்டு, இறந்த யானையின் தந்தத்தை எடுப்பதும் உண்டு. ஆனால் தந்தத்தின் மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கிறது. முழுத் தந்தம் வேண்டுமென்றால் யானை உயிரோடு இருக்க முடியாது. அத்தோடு இந்தியச் சிற்பிகளுக்கு உள்நாட்டுத் தந்தம் எப்போதோ போதாமற் போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஆபிரிக்கத் தந்தம் பம்பாய்த் துறைமுகத்தில் பெருமளவில் இறங்கியது. அந்த ஆபிரிக்காவில் 1979இல் ஏறக்குறைய 13 இலட்சம் என்று மதிப்பிடப்பட்ட யானைகள் பத்தே வருடங்களில் பாதிக்கும் குறைவாகின. ஆசிய யானையில் ஆணுக்கு மட்டுமே தந்தம். கேரளத்துப் பெரியாறுக் காட்டில் 1980களின் இறுதியில் வளர்ந்த ஓர் ஆண் யானைக்கு நூற்றுக்கு மேற்பட்ட பெண் யானைகள் என்ற நிலை வந்தது. ஆண்களைத் தேடித் தேடிச் சுட்டதன் விளைவு அது. எமது இலங்கையிலோ ஆண் யானைகளிலும் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை.

இந்தியா 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது; 1977இல் யானையை அதன் முதலாம் அட்டவணையில் சேர்த்தது; 1986இல் இந்தியத் தந்த வியாபாரத்தையும், 1991இல் ஆபிரிக்கத் தந்த வியாபாரத்தையும் நிறுத்தியது. வியாபாரிகள் தொடுத்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதிசெய்தது. உலக அளவில் ஆபிரிக்க யானைத் தந்த வியாபாரத்தை நிறுத்தும் முடிவு 1989இல் எடுக்கப்பட்டது.

சிற்பிகள் என்ன ஆனார்கள்? இதைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. கேரளத்தவர் சந்தனம், ஈட்டி, குமிழ் மரங்களுக்கு மாறினார்கள். மைசூரில் கருங்காலி நிற மரத்தில் தந்தம் பதித்துச் செய்த சித்திர வேலையில் இப்போது வெண்பிளாஸ்டிக் பதிக்கிறார்கள். முர்சிதாபாத்தில் பலர் நெட்டிக்குப் போனார்கள். குளத்தில் விளைகின்ற, ஊதினால் பறக்கின்ற அதே நெட்டிதான். தந்தத்தில் செய்த மயில்முகப் படகை அதே நுணுக்கத்தோடு நெட்டியில் செய்கிறார்கள். படங்களில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கை போகவில்லை, பொருள்தான் மாறியது என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் பல தலைமுறைத் தொழிலை நடு வயதில் விட்டு வேறொன்று பழகுவது என்னவென்று எங்களில் பலருக்குத் தெரியும். ஆசிரியராக வந்து கடையில் நின்றவர்கள் எங்களுக்குள் இல்லையா?

ஏலம் விட முடியுமா?

இனி, நான் தயங்கிய பகுதி. பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டின் தந்தச் சட்டம் 2022 யூன் 6ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. தந்தப் பொருளை விற்பது, வாங்குவது, வாடகைக்குக் கொடுப்பது, விற்பனைக்கு என்று விளம்பரம் செய்வதுகூடக் குற்றம். விலக்குகள் மிகச் சில. 1918க்கு முந்திய, மிக உயர்ந்த கலை அல்லது வரலாற்று மதிப்புள்ள பொருளென்று நிபுணர் உறுதிசெய்து சான்றிதழ் பெறுதல். 1947க்கு முந்திய பொருளில் தந்தம் பத்து வீதத்துக்குக் குறைவாக இருத்தல். சில பழைய இசைக்கருவிகளும் சிற்றோவியங்களும். அங்கீகாரம் பெற்ற அரும்பொருட்காட்சியகத்துக்குக் கொடுத்தல். மீறினால் இரண்டரை இலட்சம் பவுண் வரை தண்டம் அல்லது ஐந்து வருடம் வரை சிறை. கோயில், தருமம், திருப்பணி என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. தேர்த் திருவிழா ஏலமும் விற்பனையே. மாம்பழத்தை விடுவது போல இதை விட முடியாது.

வைத்திருப்பது குற்றமல்ல. பிள்ளைகளுக்குக் கொடுப்பதும், பணம் வாங்காமல் அன்பளிப்பாகத் தருவதும், முதுசமாக விடுவதும் குற்றமல்ல. ஆனால் பெட்டியில் வைத்து ஊருக்கோ கனடாவுக்கோ கொண்டுபோகாதீர்கள். எல்லை கடக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் பறிமுதல்தான். இணையத்தில் "எலும்பு" என்று பெயர் மாற்றி விற்றுத் தருவதாக யாராவது சொன்னால் கேளாதீர்கள்.

அம்மாவிடம் எப்போது வாங்கியது என்று கேட்டேன். "தனுஷ்கோடிப் புயலுக்கு முதல். கப்பலில போய், ரெயில் ஏறிப் போனம்" என்றார். அப்படியானால் 1964 டிசெம்பருக்கு முன். 1918க்கு அது எட்டாது. பற்றுச்சீட்டு ஏதும் இருக்கிறதா என்றேன். எழுத்துப் பத்திரங்கள் எல்லாம் அளவெட்டி வீட்டோடு போயிற்றாம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது, இந்த ரின்னை அரிசிப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். பின்னர் வன்னியில் தாலிக்கொடியை விற்றிருக்கிறார், இதை விற்கவில்லை. பத்திரமில்லாத ஒரு பொருளின் நிலைமை எனக்குப் புதிதல்ல. நானும் பட்டச் சான்றிதழ் இல்லாமல், பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நாட்டு அதிகாரி முன் நின்றவன்தான். ஆனாலும் சட்டத்துக்கு நான் அவருக்காக ஒரு வருடத்தை மாற்றி எழுத முடியாது.

மகோற்சவம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். ஆலயம் அன்பளிப்பாக ஏற்கலாம், ஆனால் ஒரு பவுணாகவும் மாற்ற முடியாது, தேருக்கு அது உதவாது என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இதுக்கு ஒரு பெறுமதியும் இல்லையோ தம்பி?" என்றார். சொத்துப் பதிவேட்டில் பூச்சியம்தான் எழுதவேண்டிவரும் என்று ஒரு கணக்காளனாகச் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை என்று வருந்தினேன். பேத்திதான் ரின்னை வாங்கி மூடினாள். "அம்மம்மா, எனக்குத் தாங்கோ. நான் விக்க மாட்டன். யானைக்கும் சேர்த்துக் கும்பிடுறன்" என்றாள்.

ஏலத்தன்று அம்மா வேறு வழி பார்த்திருந்தார். ஒரு கிழமையாகத் தன் கையால் கட்டிய பூமாலை ஒன்றைக் கொண்டுவந்தார். அது 151 பவுணுக்குப் போயிற்று. அவர் கணவரின் பேரில் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

தங்கள் வீட்டில் தந்தம் என்று கருதும் உருவம் உள்ளவர்கள், பொருளை ஆலயத்துக்குக் கொண்டுவரவேண்டாம். அடிப்பாகத்தைப் பகல் வெளிச்சத்தில் கிட்டவாகப் படமெடுத்து, எப்போது, எங்கே, யார் வாங்கியது என்பதை ஒரு தாளில் எழுதி வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின்னர் தாருங்கள். வாங்கிய கதையை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதை எழுதிவைத்தல் நல்லது. பார்த்துச் சொல்கிறேன்.